சிந்தாமணி இரகுநாதாசாரியார்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருவழியில், இராமாநுசர் அவதரித்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து தெற்கே ஒரகடம் நோக்கித் திரும்புவோர், முன்னாளில் ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலம் இந்நாளில் இருமருங்கும் தொழிற்சாலைகளாய் நிறைந்திருத்தலைக் காண்பர். மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் அங்கே செய்யப்படுகின்றன. 2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ம் நாள் காலையில் நாம் ஒரு காரியத்தை முன்னிட்டு அவ்வழியே செல்ல நேர்ந்தது. அன்று சூரிய கிரகணம். கோயமுத்தூர், கரூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் அது கங்கண கிரகணமாகத் தோன்றிற்று. சென்னையைச் சார்ந்த இப்பகுதியிலோ சூரிய பிம்பத்தின் முக்காற்பங்குக்கு மேல் மறைந்தது. ஒரகடத்திற்கு அருகே ஒரு தேநீர்க் கடையின் பக்கத்தில் இளைஞர் ஒருவர் சிறிய தொலைநோக்கி ஒன்றை முக்காலியின்மேல் நிறுத்தி, அதன் வழியே வந்த சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளொன்றில் விழச் செய்திருந்தார். இரவு வேலை முடிந்து வந்த தொழிலாளர் பலர் சூழ்ந்து நின்று, கடித்த அப்பளம்போல் தாளின்மேற் கிடந்த சூரியனைத் தத்தம் கைப்பேசியாற் படம் பிடித்துக்கொண்டனர். கடைக்காரர் கிரகண வேளையில் அடுப்பெரித்தல் ஆகாதென்று கருதி, பாத்திரங்களை மூடித் தர்ப்பை கிள்ளிப் போட்டுவிட்டுத் தாமும் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தபின் அவர் வினாவியது ஒன்றே. பஞ்சாங்கத்தில் போட்ட வேளைக்குச் சரியாகப் பிடித்ததா என்பதே அது.

அக்கேள்வி எம்மை வழிநெடுகத் தொடர்ந்தது. ஏனெனின், வானம் பஞ்சாங்கத்திற்கு ஒத்து வருகின்றதா, பஞ்சாங்கம் வானத்திற்கு ஒத்து வருகின்றதா என்னும் அவ்வினாவையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, அதற்கு விடை காணும் கருவியை நம்மவர் எல்லார் கையிலும் கொடுத்துவிட வேண்டுமென்று விரும்பிய ஒருவர் இதே சென்னைச் சூழலில் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் வாழ்ந்திருந்தார். சிந்தாமணி இரகுநாதாசாரியார் என்பது அவர் பெயர். வானநூல் கற்றோர்க்கு அவர் பெயர் நன்கு தெரியும். ஏனையோர்க்கும் தெரிந்திருத்தல் நலம் என்று கருதியே இவ்வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தனம்.

ஆசாரியார் பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திற் பிறந்தவர். அக்குடும்பங்களின் கல்வி எத்தகையதென்பதை முதற்கண் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டில் வழங்கிய கணிதம் வாக்கிய கணிதம் எனப்படும். சந்திரன் நாடோறும் நிற்கும் இடத்தை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக அமைத்து, எழுத்துக்களுக்கு எண்களைக் குறியீடாக வைத்து, அவற்றைச் சிறுவர்க்கு மனப்பாடம் செய்விப்பர். வாக்கியத்தை ஓதுவான், எண் வரும். எண்ணைக் கூட்டிக் கழிப்பான், திதி வரும். எழுதுகோலும் வேண்டா, தாளும் வேண்டா. 1825-ம் ஆண்டில் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர், தரையிற் சோழிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, நினைவிலிருந்த வாய்பாடுகளைக்கொண்டே அவ்வாண்டு வரவிருந்த சந்திர கிரகணத்தை ஜான் வாரன் என்னும் துரைக்குக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கம் சில நிமிடப் பிழையோடு ஒத்தது. முடிவோ ஒரு மணிக்கு அணித்தாகப் பிழைத்தது. எழுத்தறியாதார் போற் காணப்பட்ட ஒருவர் சோழிகொண்டு இவ்வளவும் கண்டாரே என்று வியப்பார் உளர். இவ்வளவும் கண்டவர் முடிவில் ஒரு மணி நேரம் தவறினாரே என்று இரங்குவாரும் உளர். இரண்டும் உண்மையே. பண்டைக் காலத்தில் வகுத்த அளவுகளை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் தலைமுறை தலைமுறையாக ஓதி வந்தமையின், சிறு பிழைகள் வட்டிக்கு வட்டி ஏறிய கடன்போற் பெருகி நின்றன. கண்டு திருத்தும் கணிதத்திற்குத் திருக்கணிதம் என்று பெயர். அப்பெயரும் நமக்குப் புதிதன்று; கேரள தேசத்துப் பரமேசுவரர் 1431-ம் ஆண்டிலேயே திருக்கணிதம் என்னும் நூலை இயற்றினார்.

இங்ஙனம் வாக்கியத்தோடு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளையாகிய இரகுநாதாசாரியார் இளமையிலேயே நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். அந்நிலையம் வில்லியம் பெட்ரி என்பார் 1786-ம் ஆண்டு எழும்பூரில் தம் சொந்தப் பொருளில் அமைத்த சிறு கூடமாகத் தொடங்கியது. அஃதாவது, தன் விருப்பத்திற்காக வானம் பார்த்த ஒருவரது தொலைநோக்கியே நம் நாட்டு அரசாங்க வானாராய்ச்சிக்கு விதையாயிற்று. பின்னர்க் கும்பெனியார் அதனை ஏற்றுக்கொண்டு, 1792-ம் ஆண்டில் நுங்கம்பாக்கத்திற் கட்டடம் எழுப்பினர். கருவியைத் தாங்கும்பொருட்டு நடப்பட்ட பெருங்கற்றூண் ஒன்று, தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளிலும் எழுத்துப் பொறிக்கப்பெற்று, இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு நிலையத்தின் வளவிற்குள் நிற்கின்றது. கப்பல்களுக்கும் பின்னர் இருப்புப் பாதைகளுக்கும் உரிய சென்னை நேரம் அங்கிருந்தே அளந்து கொடுக்கப்பட்டது. அரசாங்கம் அந்நிலையத்தை வைத்திருந்தது பெரும்பாலும் இதற்காகவே. மக்கள் வந்து வானம் பார்ப்பதற்காக அன்று.

ஆசாரியார் அந்நிலையத்தில் முப்பதாண்டுகட்கு மேற் பணிபுரிந்து, படிப்படியாக உயர்ந்து, முதல் உதவியாளர் ஆனார். 1861-ம் ஆண்டு முதல் அந்நிலையத் தலைவராயிருந்தவர் நார்மன் போக்சன் துரை. விண்மீன்களின் ஒளியை முதல் தரம், இரண்டாந் தரம் என வகுக்கும் பழைய வழக்கிற்கு, ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று கணக்கு வரையறை செய்தவர் அவரே. அவ்வளவையே உலகம் இன்றும் கைக்கொள்கின்றது. அத்தகையார் கீழ்ப் பழகும் வாய்ப்பு ஆசாரியார்க்குக் கிடைத்தது பேறு என்றே கூறவேண்டும்.

அவர் நாடோறும் செய்த வேலை பிறர்க்குச் சலிப்பூட்டுவது. 1862-ம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட உச்சிவட்டக் கருவி, தெற்கு வடக்காக மட்டும் அசையும் ஒரு தொலைநோக்கி. அதன் கண்முனையிற் சிலந்தியிழை போன்ற நுண்ணிய இழைகள் கட்டப்பட்டிருக்கும். விண்மீன் ஒன்று அவ்விழைகளைக் கடக்கும் கணத்தைக் கடிகாரத்தாற் குறித்து, அது நின்ற உயரத்தை வட்டத்தின் பிரிவுகளில் நுணுக்கிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பின்பு அடுத்த மீன். பின்பு அதற்கடுத்தது. நுங்கம்பாக்கத்துக் கொசுக்கடியிலும் வைகாசிப் புழுக்கத்திலும் இவ்வாறு அவர் எடுத்த அளவுகள் ஏறக்குறைய 38,000 என்பர். அவையெல்லாம் சேர்ந்து 5,000-க்கு மேற்பட்ட விண்மீன்களின் அட்டவணையாகத் திரண்டன. அவ்வட்டவணை முற்றும் அச்சேறுமுன் ஆசாரியாரும் காலமாயினார், போக்சன் துரையும் காலமாயினார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பௌதிக ஆசிரியராயிருந்து பின்னர் அந்நிலையத்தின் தலைமையை ஏற்ற மிச்சி ஸ்மித் என்பாரே அதனை வெளியிட்டு முடித்தார்.

இச்சலிப்பான வேலையினிடையேதான் அவர்க்குப் புகழ் தந்த கண்டுபிடிப்பு வாய்த்தது. தென்வானில் வலை என்னும் பொருள்படும் ரெட்டிகுலம் என்றொரு சிறு மீன்கூட்டம் உண்டு. இலண்டன் மாநகரத்தார் ஒருநாளும் காணவியலாதது அது. சென்னையிலோ தென்றிசை அடிவானத்திற்குமேற் சிறிது தூரம் எழுந்து, உடனே சாய்ந்துவிடும். அதில் ஒரு மீன், முன் குறித்த ஒளியோடு பின்னர்ப் பார்க்குங்கால் ஒவ்வாதிருத்தலை ஆசாரியார் கண்டார். மீண்டும் மீண்டும் பார்த்து, அஃது ஒளி பெருகியும் சுருங்கியும் மாறும் விண்மீனே என்று 1867-ம் ஆண்டில் நிறுவினார். ஆர் ரெட்டிகுலி என்று வானநூலார் வழங்கும் அம்மீன், ஏறக்குறைய ஒன்பது மாதத்திற்கு ஒருமுறை பெருகித் தேய்கின்றது. மிகப் பெருகிய நாளிலும் வெறுங் கண்ணுக்கு எட்டுதல் அரிது. தற்கால முறையில் இந்தியர் ஒருவர் வானில் முதன்முதலாகக் கண்டறிந்த பொருள் இதுவே என்பது அறிஞர் கொள்கை. இதனைத் தற்செயலாகக் கிட்டிய பேறு என்று கூறுவார் கூற்றை நாம் ஒப்புகிலேம். ஆயிரக்கணக்கான மீன்களின் முகத்தை அறிந்தவனுக்கே ஒரு மீனின் முகவாட்டம் தெரியும். ஆடுகளை ஒவ்வொன்றாக அடையாளங் காணும் இடையனது கண்ணே அது.

நிற்க. சூரியனைப் பற்றிய அவர் பணிக்கு வருவோம். 1868-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ம் நாள் தென்னிந்தியாவின் குறுக்கே நிகழ்ந்த பூரண சூரிய கிரகணம் உலகத்து வானநூலார் பலரையும் நம் நாட்டிற்கு இழுத்து வந்தது. ஐந்து நிமிடத்திற்கு மேல் சூரியன் முழுதும் மறைந்து நிற்கும் கிரகணங்கள் அரியவை. போக்சன் துரை மசூலிப்பட்டினத்திற்குச் சென்றார். நைஜாம் சீமையைச் சார்ந்த வனபர்த்திக்குச் சென்ற கூட்டத்திற்கு ஆசாரியாரே தலைமை தாங்கினார். அக்காலத்தில் ஓர் இந்தியரை நம்பி ஒரு கிரகணப் பயணத்தை ஒப்புவித்தார்கள் என்பது சிறிய செய்தியன்று.

அக்கிரகணத்தில்தான் சூரியனைப் படம் பிடிக்கும் முயற்சி நம் நாட்டிற் சிறப்பாக நடந்தது. குண்டூரிற் பாளயமிறங்கிய டெனன்ட் துரையின் கூட்டத்தார் பூரண மறைவின்போது சூரியனைப் படம் எடுத்தனர். இந்நாளிற் போலப் பொத்தானை அழுத்தி எடுக்கும் படமன்று அது. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் உலருமுன் கருவியில் வைத்து, ஒளி காட்டி, உடனே எடுத்து, ஈரத்தோடே இருட்டறையிற் கழுவ வேண்டும். ஆவணி வெயிலின் வெப்பத்தில், ஐந்து நிமிட இருளுக்குள், இத்தனையும் நடந்தேறின. அன்றே சூரியனது விளிம்பிலெழும் செந்தழற் கொழுந்துகளை முப்பட்டைக் கண்ணாடி வழியே பார்த்தவர்கள் அவை கொதிக்கும் வாயுவே என்று கண்டனர். அங்கே தோன்றிய மஞ்சட்கோடு ஒன்று பின்னர் ஹீலியம் என்னும் புதிய தனிப்பொருளின் அடையாளமாக முடிந்ததும், கிரகணமில்லாத நாளிலும் அத்தழலைக் காணலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூரிலேயே கண்டுகொண்டதும் யாவரும் அறிந்தவை.

மூன்றாண்டு கழித்து 1871-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ம் நாள் மற்றொரு பூரண கிரகணம் மேல்கடற்கரையிலிருந்து நீலகிரி வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்தது. தொட்டபெட்டாவிற் படக் கருவிகள் நிறுத்தப்பட்டன. சென்னை நிலையத்தார் கோயமுத்தூர்ச் சீமையைச் சேர்ந்த அவிநாசிக்குச் சென்றனர். ஆசாரியாரும் அங்கிருந்தே பார்த்தார். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் கிரகணம் பிடித்தது தெரிய முற்றத்தில் உலக்கையை நிறுத்தி வைத்தலும், சாணம் கரைத்த நீரிற் சூரியனது நிழல் பார்த்தலும் வழக்கம். நிழல் பார்த்தலில் ஓர் அறிவு உண்டு. சூரியனை நேரே பார்த்தால் கண் கெடும் என்பதை நம் பாட்டியர் அறிந்திருந்தனர். உலக்கையோ கிரகணமில்லாத நாளிலும் நிறுத்தினால் நிற்கும். அவிநாசியிற் கருவிகளோடு நின்ற ஆசாரியாரைச் சுற்றி நின்ற ஊரார் எதைக் கேட்டிருப்பர், அவர் என்ன விடை கூறியிருப்பர் என்று எண்ணிப் பார்த்தல் எமக்கு விருப்பமானது. எழுதி வைத்தார் இலர். மறு ஆண்டு 1872 ஜூன் மாதம் 6-ம் நாள் சென்னையிலேயே கங்கண கிரகணம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே இலண்டன் அரச வானநூற் கழகத்தார் ஆசாரியாரைத் தம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டனர். அதே நுங்கம்பாக்கத்து நிலையத்தில் 1873-ம் ஆண்டு முதல் உதவியாளராகப் பணிபுரிந்த போக்சன் துரையின் மகளார் ஐசிஸ் அம்மையாரை 1886-ம் ஆண்டில் அக்கழகத்திற்கு முன்மொழிந்தபோது, பெண் என்பதனாற் சேர்க்க மறுத்து, 1920-ம் ஆண்டிலேதான் சேர்த்தனர் என்பதையும் இங்கே நினைவு கூரலாம். சென்னையிலிருந்த இந்தியர்க்குத் திறந்த கதவு ஆங்கிலேயப் பெண்ணுக்குத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று.

இனி 1874-ம் ஆண்டு. அவ்வாண்டு டிசம்பர் மாதம் 9-ம் நாள் சுக்கிரன் சூரிய மண்டலத்தின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தது. கதிரவனுக்கும் பூமிக்கும் நடுவே சுக்கிரன் நேராக வருங்கால், ஒரு சிறு கரும்பொட்டுச் சூரியன்மேல் ஒரு புறம் ஏறி மறுபுறம் இறங்குவது போலத் தோன்றும். பூமியில் தூரமான இரண்டு இடங்களிலிருந்து பார்ப்பார்க்கு அப்பொட்டுச் செல்லும் பாதை சிறிதே வேறுபடும். அவ்வேறுபாட்டைக்கொண்டு சூரியன் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கணித்தல் கூடும். இன்று நாம் எளிதாகச் சொல்லும் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் என்னும் அளவைத் துல்லியமாகப் பெறுவதற்கு அக்காலத்தார் கண்ட வழிகளுள் இது தலையாயது. ஆனால் இந்நிகழ்ச்சி எட்டாண்டு இடைவெளியில் இருமுறை வந்தபின் நூறாண்டுக்கு மேல் வாராது. முந்திய இரட்டையைக் காண விரும்பிய பிரெஞ்சு நாட்டு லெ ஜாந்தீல் என்பார் புதுச்சேரிக்குப் புறப்பட்டு, போரினால் 1761-ம் ஆண்டில் நடுக்கடலிற் சிக்கிக் கொண்டார்; எட்டாண்டு காத்திருந்து 1769-ம் ஆண்டு புதுச்சேரியில் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார்; அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. அங்குக் காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணிதரிடம் நம் முறையைக் கற்று ஐரோப்பாவிற்கு அறிவித்ததே அவர் பெற்ற ஆறுதல்.

நம் நாட்டார்க்கோ இஃது எதிர்பாராத செய்தி. சூரிய சந்திர கிரகணங்களைக் கணித்த நம் குடும்பங்கள், சுக்கிரன் சூரியனை மறைப்பதைப் பார்த்ததில்லை. வெறுங் கண்ணால் அதனை அறிதலும் அரிது. அரசாங்கத்தார் கருவிகளை ஏற்றி இறக்குவதும் வெளிநாட்டறிஞர் வந்து முகாமிடுவதும் கண்ட மக்கள் மனத்தில் ஐயமும் அச்சமும் எழுதல் இயல்பே. ஆசாரியார் அப்போது செய்ததே அவர் வாழ்க்கையில் எமக்கு மிகவும் பிடித்த செயல். சுக்கிரன் கடப்பதன் காரணம் யாது, அதனாற் பயன் யாது, எவ்வாறு பார்ப்பது என்று விளக்கும் சிறு நூலொன்றை, ஒருவர் வினவ மற்றொருவர் விடையிறுக்கும் உரையாடல் நடையில் எழுதி, ஆங்கிலம், கன்னடம், உருது முதலிய மொழிகளில் வெளிப்படுத்தினார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் அவர்க்கு இலண்டனிற் சிறிது பெயர் கூடியிருக்கும். அவர் கருதியது அஃதன்று. ஆங்கிலம் அறியாத பண்டிதரும், கடைவீதியில் இருப்பவரும், தாமே கண்டு தெளிய வேண்டும் என்பதே அவர் கருத்து. நிகழ்ச்சியும் அதற்கு இணங்கக் காலையிற் சூரியன் எழுந்தபின் தொடங்கி உச்சிப்பொழுதிற்கு முன் முடிவதாயிருந்தது. எல்லாரும் விழித்திருக்கும் வேளை.

அவ்வாண்டிலேயே அவர் மற்றொன்றும் செய்தார். சென்னையில் மக்கள்முன் நிகழ்த்திய சொற்பொழிவில், இந்தியர் பயின்று பழகுதற்கென்றே தனியான வானாராய்ச்சி நிலையம் ஒன்று வேண்டும் என்று எடுத்துரைத்தார். அரசாங்க நிலையத்தின் முதல் உதவியாளர் வேறொரு நிலையம் வேண்டுமென்று கூறுதல் சிலர்க்கு விந்தையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் நிலையை எண்ணிப் பார்த்தால் அதன் நியாயம் விளங்கும். இரவு முழுதும் இழைகளைக் கடக்கும் மீன்களுக்குக் காவலிருக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்க வருவார்க்கு இடமில்லை. ஒரு மீனைத் தவற விட்டால் அது மறுநாள்தான் கிடைக்கும். ஆகவே பொதுமக்களுக்கும் பஞ்சாங்கக் கணிதர்க்கும் தொலைநோக்கியைக் காட்ட வேண்டின், அதற்கென்றே ஓரிடம் வேண்டும். பொருள் படைத்த கனவான்கள் அக்காலத்துச் சென்னையில் இல்லாமல் இல்லை. கோபுரத் திருப்பணிக்கும் சத்திரத்திற்கும் அள்ளிக் கொடுத்த கைகள் இதற்கு நீளவில்லை. அந்நிலையம் அமையவே இல்லை. விசாகப்பட்டினத்திலோ ஜக்கராவ் என்னும் செல்வர் தம் மாளிகையிலேயே வானாராய்ச்சிக் கூடம் அமைத்திருந்தார். அவர் மருகராகிய நரசிங்கராவ் அவ்விடத்திலிருந்து அதே சுக்கிர நிகழ்ச்சியைத் தம் கருவியாற் கண்டு குறித்தார். ஆசாரியார்க்குக் கல்வி இருந்தது, செல்வம் இல்லை.

பஞ்சாங்கத் திருத்தத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். கருவியாற் கண்ட அளவுகளைக்கொண்டு திதி, நட்சத்திரம் முதலியவற்றைக் கணித்துத் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றை ஆசாரியார் வெளியிட்டு வந்தார். சென்னை அசைலம் அச்சகத்தார் ஆண்டுதோறும் பதித்த ஆங்கிலப் பஞ்சாங்கத்திற்கும் வானநூற் பகுதிகளைக் கணித்துக் கொடுத்தார். வாக்கியத்தார் கொண்ட திதிக்கும் திருக்கணிதத்தார் கொண்ட திதிக்கும் சிற்சில நாட்களிற் பல நாழிகை வேறுபாடு உண்டு. திதி மாறினால் சிராத்தம் மாறும், விரதம் மாறும், முகூர்த்தம் மாறும். ஆகையால் இது வெறுங் கணக்கு வழக்கன்று, வீட்டு வழக்கு. ஆசாரியார் வெளியிலிருந்து வந்து நம் பஞ்சாங்கத்தைப் பழித்தவர் அல்லர். ஜோதிஷ சிந்தாமணி என்னும் பெருநூலொன்றைத் தம் மரபினர்க்காகவே இயற்ற முயன்றவர். முன்னோர் கண்டு எழுதினர், நாமும் கண்டே எழுதவேண்டும் என்பதன்றி முன்னோர் பிழைத்தனர் என்பது அவர் வாதமன்று.

அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2020-ம் ஆண்டில் சனி மகரத்திற் புகுந்த நாள் திருக்கணிதப்படி ஜனவரி 24. வாக்கியப்படி டிசம்பர் 27. திருநள்ளாற்றிற் சனிப்பெயர்ச்சி விழா டிசம்பர் 27-ம் நாளே நடைபெற்றது. ஒரே கோள் ஒரே இராசிக்குள் பதினொரு மாத இடைவெளியில் இருமுறை புகுந்ததாக நாம் கொண்டாடினோம். இதில் எந்தப் பக்கம் சேர்வதென்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. சனி எங்கே நிற்கின்றது என்று ஒருமுறை தொலைநோக்கியாற் பார்த்துவிட்டுச் சேர்தல் நன்று என்பதை மட்டும் ஆசாரியார் சார்பிற் கூறி வைக்கின்றோம்.

1880-ம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5-ம் நாள் இரகுநாதாசாரியார் காலமானார். 1882-ம் ஆண்டில் வந்த அடுத்த சுக்கிர நிகழ்ச்சி இந்தியாவிற் புலப்படுவதன்று. அதற்கு அவர் இருக்கவும் இல்லை. அவர்க்குப்பின் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி மெல்ல மெல்ல ஒடுங்கிற்று. மேலே கூறிய மிச்சி ஸ்மித் என்பாரது முயற்சியால் 1899-ம் ஆண்டிற் கொடைக்கானலிற் சூரியனை ஆராய்வதற்கென்றே நிலையம் ஏற்பட்டது. சென்னையிலிருந்த கருவிகளிற் சில மலையேறின. பின்னர்க் காவலூரில், ஜவ்வாது மலைக் காட்டினிடையே, பெரிய தொலைநோக்கிகள் அமைந்தன. அங்கே பொதுமக்கள் வந்து வானம் பார்க்கும் வழக்கமும் உண்டாயிற்று. 2004-ம் ஆண்டு ஜூன் மாதம் 8-ம் நாளும் 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் 6-ம் நாளும் சுக்கிரன் மீண்டும் சூரியனைக் கடந்தபோது, நம் நாட்டில் அதனைப் பார்த்த பள்ளிச் சிறுவர் பலர். இனி 2117-ம் ஆண்டிலேதான் அது வரும். ஆசாரியார் 1871-ம் ஆண்டில் நின்று பார்த்த அவிநாசியின் வழியேதான் 2019-ம் ஆண்டின் கங்கண கிரகணமும் சென்றது.

ஒரகடத்துத் தேநீர்க் கடைக்காரர்க்கு அன்று நாம் கூறிய விடை, கிரகணம் சொன்ன வேளைக்கே பிடித்தது என்பதாகும். அவர் மகிழ்ந்து, தர்ப்பையைக் களைந்து எறிந்துவிட்டு, கிரகணம் விட்டபின் அடுப்பை மூட்டினார். தொலைநோக்கி வைத்திருந்த இளைஞர் அதனைப் பெட்டியில் அடக்கிக்கொண்டு பகல் வேலைக்குச் சென்றார். அக்கருவி தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது என்றும், முழுநிலா நாளில் இதே இடத்திற்கு வருவதாகவும் கூறிப் போனார்.

கொடைக்கானலுக்கு மலையேறிய கருவிகளுள் ஒன்று 1850-ம் ஆண்டிற் சென்னை நிலையத்தார் வாங்கிய ஆறங்குலத் தொலைநோக்கி. பாரிஸ் நகரத்தில் லெர்பூர், செக்ரெத்தான் என்பார் செய்தது. ஆசாரியார் பணிபுரிந்த காலத்தில் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. அதனைச் சூரியனைப் படம் பிடிக்கும்படி மாற்றியமைத்து மலைமேல் நிறுத்தினர். 1904-ம் ஆண்டு தொடங்கி நூறாண்டுக்கு மேலாக, மேகமில்லாத காலை தோறும், அது சூரியனது முகத்தைப் படமெடுத்து வந்திருக்கின்றது.